கிணற்றுக்குள் இறக்கிய இத்தாலி ஒயின்

ரீட்டாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள்தான் கேட்டார்கள். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம்.

"ஆண்ட்டி, நீங்கதான் ரீட்டா மேடம் கூட ரொம்ப வருஷம் இருந்தீங்க. அவங்க எப்புடி ஒயின் கத்துக்கிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க" என்று ஒரு பெண் போனில் சொன்னாள்.

சரி என்றேன். போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. நான் அந்த ஹோட்டலில் சேர்ந்தபோது ரீட்டா மணமேல்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் விருந்தாளிக்கு முதல் ஒயின் பாட்டிலைத் திறந்தவள் நான். என்னைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இது இரண்டு பேரைப் பற்றியும் இருக்கும். நீளம் அதிகம் என்றால் வெட்டிக்கொள்ளட்டும். என் பெயர் வருகிற இடத்தை மட்டும் வெட்டக் கூடாது.

என் பெயர் வள்ளிக்கண்ணு. விராலிமலையில் பிறந்து திருமயத்தில் வாக்கப்பட்டவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருந்ததாலும் இங்கிலீஷ் வாசிக்க வரும் என்பதாலும் ஹோட்டலில் எடுத்துக்கொண்டார்கள். முதலில் படுக்கை விரித்தேன், பிறகு தட்டு எடுத்தேன், பிறகு பரிமாறினேன். திருச்சியிலிருந்து ஒருவர் வந்து மேசை விரிப்பது, கத்தி முள் வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இதற்குச் சில வருஷங்கள் ஆயின. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

மேனேஜர் நாச்சியப்பன் சார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சாயங்காலம் விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு மேசையில் போய் உட்காருவார். "இன்னிக்கு நான் ஜெர்மன்காரன், எனக்குப் பல்லு வலி" என்பார். இன்னொரு நாள், "நான் புதுசாக் கல்யாணம் ஆனவன், பொண்டாட்டிகூடச் சண்டை" என்பார். அந்த ஆளுக்கு எப்படிப் பரிமாற வேண்டுமோ அப்படி நாங்கள் பரிமாற வேண்டும். தப்பு செய்தால் திட்ட மாட்டார். எழுந்து வெளியே போய், திரும்பி உள்ளே வந்து, அதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "நான் ஜெர்மன்காரன்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

ஒயின் ஊற்றுவதை அவரிடம் அப்படித்தான் கற்றேன். பாட்டிலைக் குழந்தையைத் தாங்குகிற மாதிரி அடியில் கை கொடுத்து எடுத்து வந்து, கேட்டவருக்கு லேபிள் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும். பெயரையும் வருஷத்தையும் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் கத்தியை எடுக்கலாம். மூடித்தகட்டைப் பாட்டிலின் உதட்டுக்குக் கீழே சுற்றி அறுக்க வேண்டும். திருகை நடுவில் இறக்கி, கார்க்கை மெல்ல எழுப்பி, கடைசியில் விரலால் பிடித்துச் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். டப் என்று சத்தம் வந்தால் சார் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டவருக்குக் கொஞ்சம் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். அவர் சரி என்றதும் முதலில் பெண்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு, கடைசியில் அவருக்கு. ஊற்றி முடிக்கும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் சொட்டு விழாது. என் கையில் ஒரு நாளும் மேசை விரிப்பில் சொட்டு விழுந்ததில்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே கொடுக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சார் அதை வாசித்துக் காட்டிவிட்டு, "யாரோட ரூம்? சித்திரை மாசத்துத் திருமயத்து ரூமா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் மேற்குப் பக்கத்துச் சின்ன அறையில் ஏசி போட்டு ஒயின் அறை ஆக்கினார்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒயினை வாயில் வைத்ததில்லை. பக்தி, விரதம் என்றெல்லாம் காரணம் இல்லை. வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள் நான். பக்கத்து சீட்டில் தெருக்காரி உட்கார்ந்திருப்பாள். என் வாயில் வாசம் வந்தால் பஸ் திருமயம் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். ருசி பார்க்கிற வேலையை சார் பார்த்தார். அந்த வீட்டில் பழைய வெண்கலப் படிக்கம் ஒன்று இருந்தது. வெற்றிலை எச்சில் துப்ப வைத்திருந்தது. சார் ஒரு வாய் வைத்து, கொப்பளித்து, அதில் துப்பிவிட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்லுவார். நான் மனப்பாடம் செய்துகொள்வேன்.

எங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்தது ஒரு இத்தாலி ஒயின். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். மேல் தட்டில் தனியாக இருக்கும் என்பதால் நாங்கள் அதைப் 'பெரியம்மா' என்போம். அதைச் செய்கிறவர்களே ஒவ்வொரு தை மாசமும் எங்களிடம் வந்து தங்குவார்கள். பியெரோ என்று ஒரு பெரியவர், அவர் மனைவி சில்வானா. டஸ்கனியில் மலைச்சரிவில் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். அந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊர்த் திராட்சையில்தான் ஒயின் செய்வார்களாம். இவர்கள் சிரா, கிரெனாஷ் என்று வெளியூர்த் திராட்சை இரண்டை நட்டு, தனித்தனியாகப் புளிக்க வைத்து, பிறகு கலந்தார்கள். ஊரே சிரித்ததாம். சிராவில் கறுப்பு நிறமும் மிளகுக் காரமும் முதுகெலும்பும் வரும், கிரெனாஷில் பழச் சுவையும் சூடும் வரும் என்று சில்வானா எனக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் கோப்பையை மோந்து பார்த்து, "எங்க ஊர் மலையில முருகனுக்குச் சுருட்டுப் படைப்பாங்க. அந்த வாசம் இருக்கு, நாவல்பழ வாசம் இருக்கு" என்றேன். அவர் பியெரோவைக் கூப்பிட்டு அதை இத்தாலி மொழியில் சொல்லிச் சிரித்தார். அன்று முதல் எல்லா மேசையிலும் நான் அதைச் சொல்லித்தான் பெரியம்மாவை விற்றேன். நன்றாக விற்றது.

அப்போதுதான் ரீட்டா வந்தாள்.

மணமேல்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். கேட்டரிங் படித்துவிட்டு வந்திருந்தாள். வீடு தூரம் என்பதால் ஹோட்டலிலேயே தங்க அறை கொடுத்தார்கள். அவள் பஸ் ஏற வேண்டியதில்லை. வந்த மாதமே சார் அவளிடம் ஒரு கோப்பையைக் கொடுத்து, "வச்சுப் பாரும்மா" என்றார். அவள் வாயில் வைத்தாள், கண்ணை மூடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. படிக்கத்தில் துப்பினாள்.

"சார், இது நேத்துத் தொறந்த பாட்டில்தானே?"

நேற்று மதியம் நான் திறந்த பாட்டில். சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து படிக்கம் ரீட்டா கைக்குப் போனது. புது ஒயின் வந்தால் சார் என்னைத் திறக்கச் சொல்லுவார், ரீட்டாவை ருசி பார்க்கச் சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று கார்க்கைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள். மீன் வறுத்தால் எனக்கு ஒரு துண்டு எடுத்து வைப்பாள். எனக்கு அந்த மீன் தொண்டையில் இறங்காது.

புயல் வந்த வருஷம் இந்த மாவட்டத்தில் இருந்த யாருக்கும் மறக்காது. தென்னையெல்லாம் படுத்துவிட்டது, கரண்டுக் கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. ஹோட்டலில் ஓடுகள் போயின, ஆனால் வீடு நின்றது. ரீட்டா ஊரில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. அண்ணனின் படகு கரையில் ஏறி உடைந்துவிட்டது. போன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுதுகொண்டே வேலை பார்த்தாள். பாதை திறந்ததும் சார் அரிசி மூட்டையும் தார்ப்பாயும் ஏற்றி வண்டியில் அவளை அனுப்பினார். போய்ப் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்பி வந்துவிட்டாள். "அங்க எல்லாருமா ஸ்கூல்ல படுத்துருக்காங்க அக்கா. நானும் இருந்தா ஒரு வாய் கூடத்தான" என்றாள்.

கரண்டு வருகிற மாதிரி தெரியவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தட்டுப்பாடு. தண்ணீர் மோட்டாருக்கும் சமையலறை பிரிட்ஜுக்கும் மட்டும் ஓட்டினார்கள். ஒயின் அறை மேற்கு வெயில் நேராக அடிக்கிற அறை, மேலே தகரம். புயலுக்குப் பின்னால் அடித்த வெயிலில் அது அடுப்பாகிவிட்டது. கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அறைந்தது. தை மாசம் சில்வானாவும் பியெரோவும் வருவார்கள். அவர்கள் பெரியம்மா மட்டும் இரண்டு பெட்டி இருந்தது.

"வெந்து போயிரும்" என்றார் சார். அவர் அப்படிக் கலங்கிப் பார்த்ததில்லை.

ரீட்டாதான் சொன்னாள். "சார், கெணத்துல எறக்கிருவமா?"

பின்கட்டுத் தோட்டத்தில் பெரிய கிணறு ஒன்று இருந்தது. செடிக்கு மட்டும் இறைப்பார்கள். மழைக்குத் தண்ணீர் ஏறி ஜில்லென்று இருந்தது. நான் தினமும் அந்தக் கிணற்றடியில்தான் கால் கழுவிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கே என்னை நானே கடிந்துகொண்டேன்.

"எதுல கட்டி எறக்குவ?" என்று கேட்டேன். குரல் சரியாக இல்லை, எனக்கே தெரிந்தது.

"வல இருக்கே."

அவள் அண்ணன் சூசை மறுநாள் பைக்கில் வந்தான். பின்னால் ஒரு கிழிந்த வலையைச் சுருட்டிக் கட்டியிருந்தான். "படகு போச்சு சார். இத வச்சு இப்ப நான் என்ன பண்ணப் போறேன், எடுத்துக்கங்க" என்றான். சார் அவன் தோளில் கை வைத்தார். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து வலையைத் துண்டு துண்டாக அறுத்துப் பைபோல முடிச்சுப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு போனவள், படகு போனவன். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. சார் அவள் முகத்தைப் பார்த்த மாதிரி என் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதல் பையைக் கிணற்றடிக்குக் கொண்டு போனபோதுதான் எனக்கு ஒன்று தட்டியது.

"நில்லுங்க" என்றேன். "தண்ணிக்குள்ள கெடந்தா லேபிள் கரைஞ்சிரும். அப்பறம் அந்தம்மாட்ட எதைக் காட்டி ஊத்துறது? பேரில்லாத பாட்டில மேசைக்குக் கொண்டு போவ முடியாது."

சார் ரீட்டாவைப் பார்த்தார். அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. எனக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

சமையலறையிலிருந்து சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாள் சுருளை எடுத்து வந்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் துடைத்து, லேபிள்மேல் காற்றுப் போகாமல் சுற்றி, மேலும் கீழும் நூலால் இறுக்கிக் கட்டினேன். மூடி வழியாகத் தண்ணீர் போகாமல் மெழுகுவர்த்தியை உருக்கிக் கழுத்தில் ஊற்றினேன். அன்று முழுக்க அதைத்தான் செய்தேன். ரீட்டா உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். சூசை கிணற்றுக்குள் இறங்கி நின்று பைகளை வாங்கி, கயிற்றை உள்படியில் கட்டினான். ஒரு பாட்டில் சுவரில் மோதி உடைந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மிளகும் பழமுமாக ஒரு வாசம் எழுந்தது. எல்லோரும் மோந்துகொண்டு நின்றோம்.

கரண்டு வரப் பல வாரமானது. பாட்டில்கள் அதுவரை உள்ளேயே கிடந்தன.

தை பிறந்து சில்வானாவும் பியெரோவும் வந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் முற்றத்தில் மேசை போட்டோம். சார் என்னைத்தான் ஊற்றச் சொன்னார். நான் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், அவர் எதிரில் நூலை அறுத்து, தாளை உரித்தேன். உள்ளே லேபிள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது. கிணற்றுக் கதையைச் சொன்னேன். சில்வானா விரலால் லேபிளைத் தடவிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

ஒயின் நன்றாக இருந்தது. கணவரும் மனைவியும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த நிறைவோடு அப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

இரண்டாவது பாட்டில் கேட்டார்கள். காட்சிக்கு என்று வரவேற்பறை அலமாரியில் ஒரு பெரியம்மா இருந்தது, அதைக் கிணற்றில் இறக்க விட்டுப்போய், கரண்டு வந்த பிறகு ஒயின் அறையில் வைத்திருந்தார்கள். அவசரத்தில் பையன்கள் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் திறந்தேன். மோந்தேன். சுருட்டும் நாவல்பழமும் எனக்கு அப்படியேதான் இருந்தது. வழக்கப்படி ஓரத்தில் நின்ற ரீட்டாவிடம் ஒரு சொட்டு போனது.

"அக்கா, இத ஊத்தாதீங்க."

"ஏன்?"

"வெந்துருச்சு. ஜாம் மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணுந் தெரியல."

"ஒங்களுக்குத் தெரியாது அக்கா, நீங்க குடிக்கல."

மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. சார் வந்து ஒரு வாய் வைத்தார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கு போல" என்றார். ரீட்டா அசையவில்லை. "இல்ல சார்."

மேசையில் காத்திருக்கிறார்கள். செய்தவருக்கே கெட்டுப்போனதைக் கொடுத்தால் மானம் போகும். நல்லதைக் கெட்டது என்று கொட்டினாலும் மானம் போகும். சார் கடைசியில் இரண்டு கோப்பையையும் சில்வானாவிடமே கொண்டு போய், நடந்ததைச் சொன்னார். அவர் முதலாவதைக் குடித்தார். இரண்டாவதை வாயில் வைத்ததும் தலையை ஆட்டினார். பியெரோவிடம் நீட்டினார். அவரும் ஆட்டினார்.

"யார் கண்டுபிடித்தது?"

சார் ரீட்டாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

அடுத்த அறுவடைக்கு உங்கள் ஆளில் ஒருவரை இத்தாலிக்கு அழைத்து, தோட்டத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரை. யாரை என்று சார் முடிவு செய்யலாம்.

நான் மறுநாளே சார் அறைக்குப் போனேன். "சார், நான் சீனியர். இந்த வீட்டுல ஒயின்னு ஒண்ணு வந்த நாள்லேருந்து நான்தான் ஊத்துறேன். லேபிளெல்லாம் காப்பாத்துனது யாரு?"

அவர் நாற்காலியில் உட்காரவில்லை, யாராகவும் நடிக்கவில்லை. மீதி வைத்திருந்த இரண்டு பாட்டிலிலிருந்தும் இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

"வள்ளி, குடிச்சுப் பாருங்க. எது வெந்ததுன்னு சொன்னா ஒங்களையே அனுப்புறேன்."

குடித்தேன். முதல் முறையாக. பஸ்ஸும் தெருக்காரியும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. புளிப்பாக இருந்தது, நாக்கு வறண்டு இழுத்தது, தொண்டையில் எரிந்தது. இரண்டாவதும் அப்படியேதான் இருந்தது. சுருட்டு எங்கே, நாவல்பழம் எங்கே? மூக்குக்கு வந்தது வாய்க்கு வரவே இல்லை. எத்தனையோ மேசையில் வாய் நிறையச் சொன்னேனே, அது இதுதானா என்று இருந்தது. திரும்பத் திரும்பக் குடித்தேன். கடைசியில் இடது கைப் பக்கத்தைக் காட்டினேன்.

சார் தப்பு என்று சொல்லவில்லை. கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, "ஏலக்கா மென்னுட்டு பஸ் ஏறுங்க" என்றார். அதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ரீட்டா போனாள். போட்டோ அனுப்பினாள். ரப்பர் பூட்ஸும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் கறுப்புத் திராட்சைக் குலை. நான் கட்டை விரல் படத்தை அழுத்தி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். பிறகு எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பின்னால் தெரிகிற மலை, வெயில், அவள் காலடி மண். வீட்டுக்காரர், "எதுக்கு அதையே பாத்துக்கிட்டிருக்க? நீயும் பாஸ்போர்ட் எடுத்து வையி" என்றார். எடுத்தும் வைத்தேன். இதுவரை அதில் ஒரு முத்திரை விழவில்லை. அவள் இல்லாத அந்த மாதங்களில் ஒரு புகார்கூட வராமல் நான் தனியாக ஓட்டினேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மலரில் அதைப் போடுவார்களா தெரியாது.

திரும்பி வந்ததும் சார் அவளைத் தலைமைப் பொறுப்பில் போட்டார். எனக்கு அவள் மேலதிகாரி. சில வருஷத்தில் சென்னைக்குப் பெரிய வேலையாகப் போய்விட்டாள், இப்போது வெளிநாட்டுக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். அதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இத்தாலியிலிருந்து வந்த வாரம் லீவு கிடைத்து ஊருக்குக் கிளம்பினாள். எனக்கும் புதுக்கோட்டையில் வேலை இருந்தது. அங்கே பஸ் ஸ்டாண்டில், அவள் ஊர்ப் பக்கம் போகிற அறந்தாங்கி பஸ்ஸுக்காக இருவரும் நின்றோம். நான் இத்தாலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

அவளே திடீரென்று, "அந்தம்மா ஒங்களப் பத்தித்தான் கேட்டாங்க அக்கா" என்றாள்.

"யாரு?"

"சில்வானாம்மா. காலையில, சாப்புடுறப்ப, குலை அறுக்குறப்ப, எப்பப் பாத்தாலும். அந்த லேபிள் சுத்துன அம்மா எப்புடி இருக்காங்க, அவங்க கை எவ்வளவு சுத்தம், அவங்க ஊத்துனா ஒரு சொட்டு சிந்தாதேன்னு. அங்க இருக்கவங்கள்ட்ட எல்லாம் அதத்தான் சொல்லுது. நான் அவ்வளவு தூரம் போயி, இடுப்பு ஒடியக் குனிஞ்சு அறுத்துக்கிட்டிருக்கேன். என்னையப் பத்தி ஒரு வார்த்த இல்ல." நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எரிச்சலா வந்துச்சு அக்கா. அழுகையா வந்துச்சு. எனக்கு எப்பவுமே ஒங்க கை வராது. நான் ஊத்துனா விரிப்புல சிந்திருது. சாரு பாக்குறதுக்குள்ள தட்ட வச்சு மறச்சிருவேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பெரியவள் நான்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"எத?"

"எரிச்சலா வந்துச்சுன்னியே, அத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், முன்னைவிட விவரமாக, சில்வானா மாதிரி கையை ஆட்டி ஆட்டி. அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார். ரீட்டா பையைத் தூக்கினாள்.

"அடுத்த பஸ்ஸுல போ" என்று பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "ஆரம்பத்துலேருந்து சொல்லு."